பிரிக் என்னும் ஊர்

1

கொழும்பு
மார்ச் 3, 1935

மாமாவுக்கு முருகம்மாள் கும்பிட்டு எழுதிக்கொள்வது.

எனக்குச் சோறு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. இந்த இரண்டுக்கும் எனக்கே என் மேல் ஆத்திரம். உங்களுக்கும் உங்கள் அக்கா ஒச்சாயிக்கும் உடம்பு எப்படி இருக்கிறது?

தனுஷ்கோடியில் ஏறிய கப்பல் ஆட்டிய ஆட்டத்தில் துரைசாணி சுருண்டு படுத்துவிட்டாள். நோரா பாப்பா மட்டும் என் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் ஆட்டச் சொல்லு ஆயா" என்று சிரித்தாள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? நாளைக்குப் பெரிய கப்பல். அது ஜெனோவா என்ற ஊரில் இறக்கிவிடும். அதற்கப்புறம் ரயில்தான். துரைசாணிக்கு ஊர் ஊராய்ப் பார்க்க வேண்டுமாம். ரோம், புளோரன்ஸ், மிலான், பாரிஸ் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் லண்டனில் அவள் தாய்வீடு. மில்லை விட்டு வர முடியாதென்று துரை மதுரையிலேயே இருந்துகொண்டார்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஆறிப்போகக் கூடாது என்பதற்காக. நம் மகள் தங்கப்பொண்ணு காய்ச்சலில் கிடந்து என்னைக் கேட்டாள். நீங்கள் வாடிப்பட்டியிலிருந்து ஓடி வந்து தல்லாகுளத்துப் பங்களா வாசலில் நின்று, "ஆயாளைக் கூப்பிடுங்க, பிள்ளைக்கு முடியலை" என்று கெஞ்சினீர்கள். காவல்காரன் பட்லரிடம் சொன்னான், பட்லர் துரைசாணியிடம் சொன்னான். அவள் என்ன சொன்னாள்? விருந்தாளிகள் இருக்கிறார்கள், ஆயா போய்விட்டால் பேபியை யார் பார்ப்பது, ஞாயிற்றுக்கிழமை சொன்னால் போதும் என்றாள். வெள்ளிக்கிழமை வந்த சேதி எனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. நான் வந்து சேர்ந்தபோது பிள்ளையைப் புதைத்த மண்கூடக் காயவில்லை. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும், "இத்தனை நாளா எங்கே போனே, பேபி அழுதாள்" என்று கேட்டாள். யாருக்கு என்ன ஆனது என்று ஒரு வார்த்தை கிடையாது.

சம்பளத்துக்காக நான் இவளோடு வரவில்லை. "கூடவே இரு, நேரம் வரும்" என்று நீங்கள்தான் சொல்லி அனுப்பினீர்கள். பிள்ளையை நான் ஒன்றும் செய்ய மாட்டேன், நான் பிசாசு இல்லை. ஆனால் தன் பிள்ளை எங்கே, என்ன ஆனது என்று தெரியாமல் இவள் இரண்டு ராத்திரி வயிறெரிந்து கிடக்க வேண்டும். அதைச் செய்யாமல் வாடிப்பட்டி மண்ணை மிதிக்க மாட்டேன்.

பதிலை ஜெனோவாவில் இருக்கும் டிக்கெட் கம்பெனி ஆபீசுக்குப் போடுங்கள். விலாசத்தைப் பட்லரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

முருகம்மாள்

2

வாடிப்பட்டி
மாசி 28

முருகம்மாளுக்கு அழகுமலை எழுதுவது.

நீ சொல்லிக்கொடுத்த எழுத்துதான், கோணலைப் பார்த்துச் சிரிக்காதே. நான் இருக்கிறேன். அக்காவுக்கு இருமல். கப்பல் உன்னைப் பாடாய்ப் படுத்தக் கூடாதென்று குலசாமியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆறிப்போகக் கூடாது என்று எழுதியிருந்தாய். எனக்கு ஆறுவதாவது! வயலில் குனிந்தால் அந்த இரும்புக் கதவுதான் கண்ணில் நிற்கிறது. சோணை என்கிற அந்தக் காவல்காரன், "ஓரமா நில்லு, கார் வருது, ஓரமா நில்லு" என்று என்னைச் சாக்கடை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனான். உள்ளே பாட்டுப் பெட்டி பாடியது. கார் காராய் வெள்ளைக்காரர்கள் வந்து இறங்கினார்கள். நீ ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தாய். கத்திக் கூப்பிட்டிருந்தால் உன் காதில் விழுந்திருக்கும். ஏன் கத்தவில்லை? அந்த வாசலில் நின்றால் நம்மால் கெஞ்சத்தான் முடிகிறது, அவ்வளவுதான்.

அவள் துடிக்க வேண்டும். துரையும் துடிக்க வேண்டும், விருந்து அவனுடையதுதானே? நீ அங்கே உன் பங்கைச் செய். எப்படி என்று நான் சொல்ல முடியாது, அந்த ஊரெல்லாம் எனக்கு என்ன தெரியும்?

குளிருக்குக் கம்பளி வாங்கித் தந்தாளா? இல்லாவிட்டால் கேட்டு வாங்கு.

அழகுமலை

3

ஜெனோவா
மார்ச் 27, 1935

மாமாவுக்கு முருகம்மாள் கும்பிடு.

உங்கள் கடிதம் வந்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. வாசித்ததும் தெம்பு வந்தது. கம்பளி இருக்கிறது, துரைசாணி போட்டுக் கழித்தது. உடம்புக்கு ஒன்றுமில்லை. ஒச்சாயி மதினியின் இருமலுக்குத் தூதுவளை கொடுங்கள்.

இங்கே ரயில் ஏறி இறங்கிப் பழகிவிட்டேன். துரைசாணியும், அவளோடு கப்பலில் சேர்ந்துகொண்ட ஒரு வெள்ளைக்காரச் சிநேகிதியும் எப்போதும் சாப்பாட்டுப் பெட்டியில் உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறார்கள். நோரா ரயிலில் வாந்தி எடுப்பாள் என்பதால் அவளும் நானும் தனியாக ஜன்னல் ஓரம். பிள்ளையின் பக்கம் துரைசாணி எட்டிப் பார்ப்பது அபூர்வம். "ஆயா இருக்கிறாளே" என்று சிநேகிதியிடம் சொல்கிறாள். ஆமாம், ஆயா இருக்கிறாள்.

ஒன்று கவனித்தேன். இங்கேயும் நம்மூரைப் போலத்தான், பெரிய ஸ்டேஷன் வந்தால் ரயிலை நடுவில் அறுத்து முன்பாதியை ஒரு ஊருக்கும் பின்பாதியை இன்னொரு ஊருக்கும் இழுத்துப் போகிறார்கள். டிக்கெட்காரன் பெட்டி பெட்டியாய் வந்து, யார் எந்த ஊர் என்று கேட்டு ஆளை மாற்றி உட்கார வைக்கிறான். அதைப் பார்த்ததும் நம் மதினி ஞாபகம்தான். ராமேஸ்வரத்துக்குத் தீர்த்தமாடப் போகிறேன் என்று ஏறி, மதுரையில் பெட்டியை மாற்றி மாட்டியது தெரியாமல் தூத்துக்குடியில் போய் இறங்கி, "எங்கடா கோயில்?" என்று போர்ட்டரிடம் சண்டை போட்டார்களே! நாம் எம்புட்டுச் சிரித்தோம். தங்கப்பொண்ணு அப்போது வயிற்றில் இருந்தாள்.

நம் சனங்கள் தப்பான பெட்டியில் உட்கார்ந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பாவம், தெரியாத சனம் என்பார்கள். இதை மனசில் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்த பதிலைப் புளோரன்ஸ் ஆபீசுக்குப் போடுங்கள். வெயிலில் தலைப்பாகை இல்லாமல் வயலுக்குப் போகாதீர்கள்.

முருகம்மாள்

4

மதுரை
சித்திரை 3

சௌபாக்கியவதி முருகம்மாளுக்கு அழகுமலை எழுதுவது.

நான் சௌக்கியம். துரைசாணி அம்மா சௌக்கியமா? நோரா பாப்பா சௌக்கியமா? அவர்கள் சுகமே நம் சுகம் என்று நினைத்து நடந்துகொள்ளவும்.

நான் இப்போது மதுரைக்கு வந்துவிட்டேன். ஒரு வேலை கிடைத்தது. கஷ்டமில்லை, நிற்கிற வேலைதான். அக்கா வாடிப்பட்டியில் இருக்கிறது. இனிமேல் கடிதத்தைக் காளவாசலில் சுலைமான் ராவுத்தர் விறகுக்கடை விலாசத்துக்குப் போடவும். நான் போய் வாங்கிக்கொள்வேன்.

நீ எழுதிய விஷயங்களை எல்லாம் மறந்துவிடு. பெரியவர்கள் மனம் கோணாமல் இரு. பாப்பாவை ரயிலில் கையைப் பிடித்தே வைத்திரு.

இப்படிக்கு
அழகுமலை

5

புளோரன்ஸ்
மே 8, 1935

மாமாவுக்கு முருகம்மாள்.

சுகம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். உங்கள் சுகத்தை உங்கள் கடிதத்திலேயே பார்த்துவிட்டேன்.

என்ன ஆச்சு உங்களுக்கு? துரைசாணி அம்மாவாம்! அவர்கள் சுகமே நம் சுகமாம்! இதை நீங்கள்தான் எழுதினீர்களா, உங்கள் கையைப் பிடித்து வேறு யாராவது எழுதினார்களா? கோணல் எழுத்தைப் பார்த்துத்தான் நம்பினேன். இரண்டு மாசத்துக்கு முன்னால் "அவள் துடிக்க வேண்டும்" என்று எழுதிய மனுசன் எங்கே போனான்? நிற்கிற வேலை என்றால் என்ன வேலை? யாரிடம் வேலை? ஒளிக்காமல் எழுதுங்கள்.

இங்கே நோரா என்னைப் படுத்துகிற பாட்டை யாரிடம் சொல்வேன்? நேற்று ரயிலில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். நான் கையை எடுத்துவிட்டேன். மறுபடி போட்டாள். மறுபடி எடுத்தேன். தூக்கத்திலேயே, "போ ஆயா, நீ மோசம்" என்றாள், சுத்தமான நம்மூர்த் தமிழில். இங்கிலீஷ் அவளுக்கு அரைகுறைதான். தாயிடம் பேசுவதற்கே இரண்டு வார்த்தைக்கு ஒரு வார்த்தை தமிழ் கலக்கிறாள். துரைசாணி, "என்ன பாஷை இது, லண்டனில் அம்மா என்ன சொல்வாள்" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். மூன்றாம் தரம் நான் கையை எடுக்கவில்லை. எழுந்தால் அழுவாள் என்றுதான். வேறு ஒன்றும் இல்லை.

தங்கப்பொண்ணும் இப்படித்தான் தூங்கியிருப்பாள். யார் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்? மாசத்துக்கு ஒரு நாள் வந்து போன எனக்கு அது தெரியாது. இவளைத் தூக்கிச் சுமந்த இடுப்பு, பெற்ற பிள்ளையைத் தூக்கவில்லை. இதை நினைத்தால் இந்தப் புளோரன்ஸையே கொளுத்திவிடலாம் போல இருக்கிறது.

உண்மையை எழுதுங்கள். மிலான் ஆபீசுக்கு. உடம்பு கெட்டுப்போகாமல் இருங்கள், சண்டை போட எனக்கு ஆள் வேண்டும்.

முருகம்மாள்

6

மதுரை
வைகாசி 14

சௌபாக்கியவதி முருகம்மாளுக்கு.

உன் கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். இங்கே அக்கினி நட்சத்திரம் முடிந்தும் வெயில் குறையவில்லை. அங்கே குளிர் எப்படி?

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல வேலை. சாப்பாடு கிடைக்கிறது. வேறு விசேஷம் இல்லை. பாப்பாவைப் பத்திரமாய்ப் பார்த்துக்கொள். அம்மாவுக்கு என் கும்பிடு.

இப்படிக்கு
அழகுமலை

7

மிலான்
ஜூன் 19, 1935

அழகுமலைக்கு.

மாமா என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. நான் சாகவில்லை. நீங்களும் நன்றாகத்தான் இருக்கிறீர்கள், எனக்குத் தெரிந்துவிட்டது.

இன்று காலையில் துரைசாணி என்னைக் கூப்பிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. துரையிடமிருந்து கடிதமாம். "ஆயா, உனக்கு ஒரு நல்ல சேதி! உன் புருஷன்தான் இப்போது நம் பங்களாவுக்குக் காவல்காரன். சோணை கால் வீங்கி ஊருக்குப் போய்விட்டானாம். உன் புருஷன் மார்ச் கடைசியில் தானே வந்து வேலை கேட்டானாம். ரொம்ப அடக்கமானவன், வாசலில் தூண் மாதிரி நிற்கிறான் என்று துரை எழுதியிருக்கிறார்" என்றாள்.

தூண் மாதிரி! தானே வந்து கேட்டாராம்! உங்களைச் சாக்கடை வரைக்கும் தள்ளிய அந்த வாசலில், அவன் உட்கார்ந்த அதே முக்காலியில் உட்கார எப்படி மனசு வந்தது? கார் வந்தால் கதவைத் திறந்துவிட்டு சலாம் போடுகிறீர்களா? யாராவது ஓடி வந்து கெஞ்சினால் "ஓரமா நில்லு" என்று நீங்களும் சொல்கிறீர்களா? வயிற்றுக்கு இல்லை என்றால் மண்ணைத் தின்னக் கூடாதா? சீ!

உங்கள் பிள்ளைக்கு நியாயம் கேட்க நீங்கள் இல்லை. சரி, நான் ஒருத்தி போதும். நாளை மறுநாள் காலையில் பாரிஸ் ரயில். நடுவில் மலைக்குள்ளே ஒரு ஸ்டேஷனில் அதை இரண்டாக அறுப்பார்கள் என்று டிக்கெட்காரனிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.

எனக்கு இனிமேல் கடிதம் போட வேண்டாம். உங்கள் உடம்பை அந்த வீட்டுச் சோறு பார்த்துக்கொள்ளும்.

முருகம்மாள்

8

பெர்ன்
ஜூன் 22, 1935

எழுத வேண்டாம் என்று சொன்னவள் நானே எழுதுகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க அல்ல. தங்கப்பொண்ணுக்கு அப்பன் என்ற முறையில் உங்களிடம் சொல்லியாக வேண்டும். நானும் நோராவும் சுகமாக இருக்கிறோம்.

ஊர்ப் பெயர் பிரிக். ஸ்டேஷன் பலகையைப் பார்த்து நோராதான் எழுத்துக்கூட்டிப் படித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிரிக்கிற ஊருக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? சாப்பாட்டு நேரம். துரைசாணியும் சிநேகிதியும் முன்னால் சாப்பாட்டுப் பெட்டியில். ரயில் அங்கே நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் நான் நோராவைக் கூட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். பெட்டி பெட்டியாய்த் தாண்டிக் கடைசிப் பெட்டிக்குப் போய் உட்கார்ந்தோம். டிக்கெட்காரன் வந்து என்னமோ கேட்டான். நான் தலையை ஆட்டினேன். சேலை கட்டிய பொம்பளை, விவரம் தெரியாதவள் என்று அவனும் போய்விட்டான். வெளியே சங்கிலி உரசுகிற சத்தம் கேட்டது. முன்பாதி பாரிசைப் பார்த்துப் போனது. ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன் மாமா. எழுந்திருக்கவில்லை.

நோரா, "அம்மா எங்கே?" என்று கேட்டாள்.

"அம்மா பின்னாடி வருவாங்க. அதுவரைக்கும் நாம ஒரு விளையாட்டு விளையாடுவோம். நம்ம பாஷைதான் பேசணும். யாரு இங்கிலீசு பேசுறாங்களோ அவங்க தோத்தாங்க."

"நான் தோக்க மாட்டேன்!" என்றாள்.

தோற்கவில்லை. இந்த பெர்ன் ஸ்டேஷனில் அதிகாரிகள் சுற்றி நின்று நாலு பாஷையில் கேட்டார்கள். நான் தமிழில் பதில் சொன்னேன். வெள்ளைக்காரப் பிள்ளையும் தமிழில் பதில் சொல்வதைப் பார்த்து அவர்கள் ஆடிப்போனார்கள். எந்த ஊருக்குத் தந்தி அடிப்பது, யாருக்கு அடிப்பது என்று தெரியாமல் கன்னியாஸ்திரீகள் மடத்தில் கொண்டுவந்து விட்டார்கள். நேற்று ஒரு ராத்திரி ஆகிவிட்டது, இன்று இரண்டாவது. இந்த ஊரில் குழிக்குள்ளே கரடி வளர்க்கிறார்கள். ஒரு கன்னியாஸ்திரீ கூட்டிப் போய்க் காட்டினாள். நோரா கரடிக்குக் கேரட்டைப் போட்டுவிட்டு, "இதுக்கு அம்மா எங்கே?" என்று கேட்டாள்.

 சாயங்காலம் அவளுக்குத் தலை வாரும்போது, எனக்கும் ஒரு பிள்ளை இருந்தது என்று சொன்னேன். பேர் தங்கப்பொண்ணு என்றேன். என்ன விளையாடும், என்ன சாப்பிடும் என்று கேட்டுத் துளைத்துவிட்டாள். நான் சொன்னதில் பாதி நானாக இட்டுக்கட்டியது. எனக்கே தெரியாதே.

துரைசாணி இப்போது எங்கே உட்கார்ந்து அழுகிறாளோ. நன்றாக அழட்டும். எனக்கு இனித்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பக்கத்தில் நின்று பார்க்க முடியவில்லையே என்று குறையாகவும் இருக்கிறது.

நாளைக்கு நானே ஸ்டேஷனுக்குப் போய் இங்கிலீஷில் சொல்லிவிடப் போகிறேன். தெரியாமல் மாறி உட்கார்ந்துவிட்டேன், பயத்தில் இங்கிலீஷ் வாயில் வரவில்லை என்பேன். நம்புவார்கள்.

முருகம்மாள்

9

வாடிப்பட்டி
ஆனி 30

முருகு,

நீ நல்லா இருக்கிறாயா? இதை மட்டும் முதலில் கேட்கிறேன். எனக்கு முதுகில் கொஞ்சம் வலி. மற்றபடி இந்த நாலு மாசத்தில் இன்றைக்குத்தான் நான் நன்றாக இருக்கிறேன்.

உன் இரண்டு கடிதத்தையும் ராவுத்தர் பத்திரமாய் வைத்திருந்தார். நீ சீ என்று எழுதியதையும் படித்தேன். எழுத வேண்டியதுதான். நான் பங்களாவிலிருந்து எழுதிய கடிதத்தை எல்லாம் பட்லர் பிரித்துப் படித்த பிறகுதான் தபாலில் சேர்ப்பான். துரை உத்தரவாம். அதனால் துரைசாணி அம்மா, சௌக்கியம், கும்பிடு என்று எழுதினேன். வேலை எது என்று எழுதினால் நீ கொதித்துப் பங்களாவுக்கே பதில் போட்டுவிடுவாய், அது அவன் கையில் சிக்கிவிடுமோ என்றுதான் எழுதவில்லை. நீ என்ன நினைப்பாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

சோணை ஊருக்குப் போகிறான் என்று கேள்விப்பட்டதும் நானே போய் அந்த வேலையைக் கேட்டேன். ஏன் தெரியுமா? அந்த வீட்டுக்கு வருகிற எந்தச் சேதியும் அந்த வாசல் வழியாகத்தான் வர வேண்டும். நீ அங்கே ஏதோ செய்யப் போகிறாய். செய்தால் சேதி வரும். அப்போது அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும். இவ்வளவுதான் என் கணக்கு. அதற்காகக் கதவைத் திறந்தேன், சலாம் போட்டேன், தூணாய் நின்றேன். யாரையும் ஓரமா நில்லு என்று சொல்லவில்லை முருகு. சத்தியமாய்ச் சொல்லவில்லை.

ஆனி மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் துரைக்குப் பெரிய விருந்து. கார் காராய் வந்து நிற்கிறது. பாட்டுப் பெட்டி பாடுகிறது. தந்திச் சேவகன் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"அண்ணே, சீமையில இருந்து தந்தி. அவசரம்னு போட்டுருக்கு."

"என்னத்தப்பா எழுதியிருக்கு?"

அவனுக்குக் கொஞ்சம் விவரம் தெரியும் போல. குரலைத் தாழ்த்தி, "தொரை மகளைக் காணோமாம்ணே. கூடப் போன ஆயாளையும் காணோமாம்" என்றான்.

 காணாமல் போனதில் நீயும் உண்டு. உனக்கு என்ன ஆனதோ, எந்த ஆற்றில் விழுந்தாயோ? உள்ளே ஓடிக் கொடுத்தால் துரை பத்துப் பேருக்குத் தந்தி அடித்துத் தேட வைப்பான், நீயும் கிடைப்பாய். கொடுக்காவிட்டால்? அன்றைக்கு நான் நின்ற அதே நிலைமைதான், இந்தத் தரம் கதவுக்கு உள்பக்கம். சேவகனிடம், "குடுத்துடுறேன் தம்பி, நீ போ" என்றேன். தந்தியை மடித்துத் தலைப்பாகைக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த ராத்திரி நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், விருந்தாளிகள் எல்லாம் போன பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். துரை படித்தான். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"எப்ப வந்தது இது?"

"நேத்துச் சாயங்காலம் தொரை."

"ஏன் உடனே குடுக்கலை?"

"விருந்தாளிங்க இருந்தாங்க தொரை. விருந்து நடக்கையில சேதி சொல்றது இந்த வீட்டு வழக்கம் இல்லையே."

பட்லர் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குப் புரிந்தது. துரைக்குப் புரியவில்லை. பிரம்பு ஒடிகிற வரைக்கும் அடித்தான். நான் கையைக்கூடத் தூக்கவில்லை. அப்புறம் அப்படியே நாற்காலியில் விழுந்து குழந்தையைப் போல ஊளையிட்டு அழுதான். மறுநாள் காலையில் என்னை வேலையை விட்டு விரட்டுகிற நேரத்தில், பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று இன்னொரு தந்தி வந்தது. அவனுக்கு ஒரே ஒரு ராத்திரிதான். எனக்குப் போதவில்லை.

இந்தக் கடிதத்தை லண்டனில் இருக்கும் டிக்கெட் கம்பெனி ஆபீசுக்குப் போடுகிறேன். அக்கா இருமல் தேவலை. நீ எப்போது வருகிறாய்?

அழகுமலை

10

லண்டன்
ஆகஸ்ட் 6, 1935

என் மாமாவுக்கு முருகம்மாள் ஆயிரம் கும்பிடு போட்டு எழுதுவது.

முதுகு எப்படி இருக்கிறது? பொய் சொல்லாமல் எழுதுங்கள். நான் நன்றாக இருக்கிறேன். லண்டனில் என்னைப் போல எஜமான்கள் கைவிட்ட ஆயாக்களுக்கென்று ஒரு விடுதி இருக்கிறது, அங்கேதான் இருக்கிறேன். அடுத்த மாசம் கொழும்புக்குப் போகிற ஒரு குடும்பத்துக்கு ஆயா வேண்டுமாம், அவர்களோடு கப்பல் ஏறுகிறேன்.

மிலானிலிருந்து எழுதியதை அடுப்பில் போடுங்கள். இல்லை, வேண்டாம், வைத்திருங்கள். நான் வந்து உங்கள் காலில் விழுந்துவிட்டு நானே போடுகிறேன். என்னையும் காணோம் என்று தெரிந்த பிறகும் அந்தத் தந்தியைத் தலைப்பாகைக்குள் வைத்தீர்களே, உங்கள் மேல் எனக்குக் கோபமா, பெருமையா, எனக்கே தெரியவில்லை. இரண்டு நாள் அழுதேன்.

பெர்னில் நடந்ததை உங்களுக்கு எழுதவில்லை. எழுதுகிற நிலையில் நான் இல்லை. இப்போது சொல்கிறேன்.

நான் நினைத்தபடியே நம்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துரைசாணி மடத்துக்கு வந்தாள். தலை வாரவில்லை, கண் வீங்கியிருந்தது. நாங்கள் பிரிக்கிலேயே இறங்கிவிட்டோம் என்று நினைத்து அந்த ஊரையே புரட்டிப் பார்த்தாளாம், ஆற்றில் ஆள் இறக்கித் தேடினார்களாம். பிள்ளையைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் பார்க்க ஆசைப்பட்டதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. போதும் என்று நினைத்தேன்.

அப்புறம் அவள் எழுந்து என்னிடம் வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "தெரியாத ஊரில் என் குழந்தையைக் கண்ணைப் போலக் காப்பாற்றினாய். உன்னைப் போல ஆயா கிடைக்க நான் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்றாள். நோராவுடைய பெரிய பொம்மையை எடுத்து என் கையில் வைத்து, "உனக்கும் ஒரு பெண் இருக்கிறாள் இல்லையா? அவளுக்குக் கொடு" என்றாள்.

மாமா, அதுவரைக்கும் தெரியாத சனம் என்ற வேஷத்திலேயே ஊர் வந்து சேர்ந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பொம்மையைக் கையில் வாங்கியதும் என் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. இவள் அழுதது எல்லாம் வீண். எதற்காக அழுதோம் என்றே இவளுக்குத் தெரியாது. தெரியாதவளைப் பழிவாங்கி எனக்கு என்ன?

பொம்மையை மேஜை மேல் வைத்தேன். "தங்கப்பொண்ணு" என்றேன்.

"அது யார்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த அடுக்களை இங்கிலீஷ் அதற்குமேல் உதவவில்லை. நோராவைப் பார்த்தேன். "பாப்பா, விளையாட்டு முடிஞ்சுபோச்சு. இனிமே நான் சொல்லுறதை அம்மாவுக்கு இங்கிலீசுல சொல்லு" என்றேன். அவளுக்குச் சந்தோஷம்.

ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். தங்கப்பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தது. அவளுடைய அப்பா நம்ம வீட்டு வாசலுக்கு வந்தார். அம்மாவுக்குச் சேதி சொன்னாங்க. அம்மா ஆயாளிடம் சொல்லலை. விருந்து முடிஞ்ச பிறகுதான் சொன்னாங்க. அதுக்குள்ளே தங்கப்பொண்ணு செத்துப்போச்சு. ஆயா வேணும்னுதான் பெட்டி மாறி உட்கார்ந்தா. நோரா திக்கித் திக்கி, தெரியாத இடத்தில் என்னைக் கேட்டுக் கேட்டு, அத்தனையும் சொன்னாள். செத்துப்போச்சு என்ற இடத்தில் என் முகத்தைப் பார்த்தாள். பச்சைப் பிள்ளையின் வாயில் இதை வைக்கிறேனே என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். ஆனாலும், "சொல்லு" என்றேன்.

துரைசாணி வெளுத்துப்போய் நின்றாள். போலீசைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன், கூப்பிடவில்லை. எனக்கு லண்டனுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கச் சொல்லிச் சிநேகிதியிடம் முணுமுணுத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் என் மூட்டையை எடுத்துக்கொண்டேன்.

நோரா என்னோடு ஓடி வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. தாயின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். இங்கிலீஷில் ஏதோ கேட்டாள். அப்புறம் அதையே தமிழில் கேட்டாள்.

"ஏம்மா நீ ஆயாகிட்டச் சொல்லல?"

 நான் கதவைச் சாத்திவிட்டுப் படியில் இறங்கினேன். தெரு வரைக்கும் அந்தப் பிள்ளையின் குரல் கேட்டது, விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"சொல்லும்மா. ஏன் சொல்லல?"

முதுகுக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல்லுங்கள். வாரேன் மாமா.

முருகம்மாள்